சேலைத் துணியின் வால்

"சீல் வைக்கப்பட்ட எஞ்சினைத் திறக்க விரும்பும் அணி, காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். தொழில்நுட்பக் குழு ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும்."

நான் சொல்லப்போகிற ஆண்டு எங்கள் கார் ரேஸ் விதிப் புத்தகத்தில் புதிதாகச் சேர்ந்த வாசகம் இது. அணி தவறினால் என்ன தண்டனை என்று அடுத்த அரைப் பக்கம் விவரிக்கிறது. குழு தவறினால் என்ன ஆகும் என்று புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ரேஸ் அணிகளில் வேலைக்குச் சேரப்போகிற உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதில் பெரும்பகுதி இந்த வகை அறிவுதான். ஒரு விதியைப் படித்தால், தண்டனை யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. சாயர்புரத்தில் கல்லூரி முடித்துவிட்டு, தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கஸ்டம்ஸ் தாள்கள் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு நாள்கூட வகுப்பெடுத்ததில்லை. ஆனால் டீச்சர்களுக்குப் பேர்போன நாசரேத்துக்காரி, கண்ணாடி போட்டவள், இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவள் என்றால் எங்கள் ஊரில் டீச்சர்தான். மறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் அண்ணாச்சி ஒருவருக்குக் கார் ரேஸ் பைத்தியம் பிடித்து, தன்னுடைய பழைய உப்பு குடோனில் ஒரு அணியைத் தொடங்கினார். முதல் ஆண்டே, காரில் ஒட்டவேண்டிய ஒரு ஸ்டிக்கர் தவறான இடத்தில் இருந்ததென்று அபராதம் விழுந்தது. அவர் நேரே என் மேசைக்கு வந்து விதிப் புத்தகத்தை வைத்தார்.

"டீச்சர், கஸ்டம்ஸ் புக்கையே கரைச்சுக் குடிச்சவிய நீங்க. இது உங்களுக்குக் கொசுறு மாதிரி. படிச்சுச் சொல்லுங்க, போதும்."

படித்துச் சொல்ல ஆரம்பித்தவள், ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் எங்களுக்கு வைத்த பெயர் 'உப்பு மூட்டை டீம்'. பிறகு நாங்கள் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பட்டம் வாங்கினோம். அப்போது சிரிப்பு நின்று ஆராய்ச்சி தொடங்கியது. வெளிநாட்டுக் கப்பலில் ஏதோ எண்ணெய் வருகிறது என்றார்கள். ரசாயனத் தொழிற்சாலையில் எங்களுக்கு ஆள் இருக்கிறது என்றார்கள். ஒரு சென்னை அணியின் மேலாளர் எங்கள் குடோன் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது கருவாட்டு வாசனை மட்டும்.

உண்மையில் ரகசியம் துரு. எங்கள் ஊர்க் காற்றில் ஒரு வாரம் சும்மா கிடக்கும் இரும்பு இரும்பாக இருக்காது. அதனால் ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் எங்கள் ஆட்கள் காரை ஆணி ஆணியாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கிரீஸ் பூசி மறுபடி கோப்பார்கள். மற்ற ஊர்களில் எது உடைந்ததோ அதை மட்டும் திறந்தார்கள். நாங்கள் துருவுக்குப் பயந்து எல்லாவற்றையும் திறந்தோம். திறந்த இடத்தில் எல்லாம், உடையப்போகும் ஏதாவது ஒன்று முன்கூட்டியே கண்ணில் பட்டது. அவ்வளவுதான். எங்கள் கார் வேகமான கார் இல்லை. கடைசிச் சுற்றிலும் ஓடிக்கொண்டிருக்கிற கார்.

இந்த வேலையை நடத்தியவர் சீஃப் மெக்கானிக் சேவியர். டிப்ளமோ படித்தவர், குடோனுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர், தன் திறமையைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுகிறவர். ஆனால் எதைச் செய்தாலும் ஏன் என்று சொல்லமாட்டார். கேட்டால் "அப்படித்தான்" என்பார். எஞ்சின் பிரிந்து கிடக்கும்போது உப்புக்காற்று உள்ளே போகாமல் எல்லாத் துவாரங்களிலும் எண்ணெயில் நனைத்த துணியை அடைப்பது எங்கள் வழக்கம். சேவியர் அதற்குப் பழைய சேலைகளை மூட்டையாக வாங்குவார். முழ நீளத்துக்குக் கிழித்து, ஒரு முனையைத் துவாரத்தில் திணித்து, மறு முனையை வெளியே தொங்க விடுவார். பிரித்த எஞ்சின் தேரோட்டத்துக்கு ஜோடித்தது போலக் கலர் கலராக ஆடிக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஐந்தாவது பட்டத்துக்கான ஆண்டு தொடங்குவதற்கு முன் இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது, விதி மாறியது. எஞ்சினை ரேஸ் பருவத்தின் தொடக்கத்தில் அதிகாரிகள் முன் கோத்து முடித்து, கம்பியும் ஈயமும் வைத்து சீல் செய்துவிட வேண்டும். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் திறக்கக் கூடாது. செலவைக் குறைப்பதற்காக என்று காரணம் எழுதியிருந்தார்கள். விதி மாற்றம் எப்போதும் செலவைக் குறைக்கத்தான் வரும். யார் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்களுடைய செலவை.

இரண்டாவது, சேவியர் கோயம்புத்தூர் அணிக்குப் போனார்.

"ஏலே, எவ்வளவு தாரான் அவன்?" என்று அண்ணாச்சி கேட்டார். குடோன் நடுவில், எல்லோர் முன்னாலும்.

"சம்பளத்துக்குப் போகல அண்ணாச்சி."

"பொறவு?"

"அங்கன துருப்பிடிக்காது."

அண்ணாச்சி "போயிட்டு வாலே" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "டீச்சர், இவன் நம்ம ரகசியத்தை எல்லாம் அங்க கொண்டு போயிருவான்லா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு விடை பின்னால் வரும்; அணிகள் எப்படி விழுகின்றன என்று பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். மற்ற அணிகளையும் கவனித்திருக்கிறேன். நான் கண்டது இது. பெரிய ஆள் ஒருவர் போனால் மட்டும் ஒரு பெரிய அணி விழுவதில்லை. அவர் செய்த கார் அங்கேயே இருக்கிறது. மீதி ஆட்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டிவிடுவார்கள். விதி மாறினால் மட்டும் விழுவதுமில்லை. பழைய கார் பயன்படாது, ஆனால் அதைச் செய்த மூளை இருக்கிறது. இரண்டும் ஒரே பருவத்தில் நடந்தால்தான் விபரீதம். பார்த்து எழுத ஒரு காரும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆளும் இல்லை. அதைவிட விபரீதம், ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பது. ஜெயிக்கிற இடத்தில் யார்தான் ஏன் என்று கேட்கிறார்கள்?

சேவியரின் இடத்துக்கு வந்தவர் செல்வம். அவரிடம் இரண்டாவது ஆளாக ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர். சேவியர் தன்னோடு கோயம்புத்தூருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டும் போகாதவர். "நான் இங்கனயே முதல் ஆளா இருக்கேன்" என்று சொல்லிவிட்டார் என்று குடோனில் பேச்சு. தான் சேவியரின் நகல் இல்லை என்று காட்டவேண்டிய அவசரம் அவருக்கு இருந்தது. பதவிக்கு வந்த வாரமே சேலை மூட்டையைத் தூக்கி வெளியே போட்டார். நூல் பிரியாத வெள்ளைத் துணி, உள்ளங்கை அளவில் சதுரமாக வெட்டியது, பெட்டி பெட்டியாக வந்தது. குடோன் ஆஸ்பத்திரி போல ஆனது. பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். அந்தத் துணிகளால் துவாரங்களை அழகாக அடைத்து, எடுத்து, எஞ்சினைக் கோத்து முடித்தார்கள். அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அதே வாரத்தில் அண்ணாச்சியின் மகன் குடோனைப் பார்க்க வந்தான். அவனுக்கு அந்த இடத்தில் கண்டெய்னர் யார்டு போட வேண்டும். துறைமுகத்துச் சாலையில் அப்படி ஓர் இடம் எண்ணெய் நாற்றத்துக்கும் காசு வராத ஆசைக்கும் விடப்பட்டிருப்பது அவனுக்குத் தாங்கவில்லை. அப்பாவும் மகனும் உரக்கப் பேசினார்கள். கடைசியில் அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டார்.

"கேட்டுக்கிடுங்க. இந்த வருசமும் கப்பு வந்தா குடோன் நம்மளுக்கு. வரலேன்னா இவன் கண்டெய்னர் நிக்கட்டும். சேவியர் போனா எல்லாம் போச்சுன்னு இவன் சொல்லுதான். நான் இல்லேங்கேன்."

எல்லோரும் செல்வத்தைப் பார்த்தோம். செல்வம் காரைப் பார்த்தார்.

பருவம் நன்றாகத்தான் போனது. எங்கள் டிரைவர் ரெனிட்டா, படகு கட்டும் குடும்பத்துப் பெண், வாயும் காரும் ஒரே வேகம். அவள் ஜெயித்தாள், அல்லது இரண்டாவதாக வந்தாள். கோயம்புத்தூர் அணி எங்கள் பின்னாலேயே இருந்தது, ஆனால் பின்னால்தான் இருந்தது. சேவியர் கொண்டுபோன ரகசியம் ஒன்றும் அங்கே வேலை செய்ததாகத் தெரியவில்லை. இது எனக்கு விசித்திரமாக இருந்தது. இன்னும் ஒரு ரேஸ் பாக்கி. அதில் ஓரளவு முன்னால் வந்தாலே பட்டம் எங்களுக்கு.

கடைசிக்கு முந்தைய ரேஸ் முடிந்து காரிலிருந்து இறங்கிய ரெனிட்டா, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே சொன்னாள்: "செல்வண்ணே, எடது பக்கம் நீளமா வளையுற எடத்துல ஆயில் லைட்டு என்னயப் பாத்துக் கண்ணடிக்கி."

"சென்சாரா இருக்கும்ளா."

"மாத்துங்க. எனக்கு அவன் மூஞ்சி புடிக்கல."

சென்சாரை மாற்றினார்கள். குடோனுக்கு வெளியே காரை ஓட்டிப் பார்த்தபோது விளக்கு மறுபடி கண்ணடித்தது. எண்ணெயின் அழுத்தம் ஒரு கணம் விழுந்து மறுகணம் எழுகிறது. எஞ்சினுக்குள் எண்ணெய் இழுக்கும் வாயை ஏதோ ஒன்று அவ்வப்போது அடைக்கிறது என்று பொருள். ரேஸில் அது முழுக்க அடைத்தால் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த வேகத்தில் அதற்குப் பிறகு டிரைவரிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

எது அடைக்கிறது? இரண்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம், செல்வம் வேறொரு பழைய எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார். காற்று பலமாக வீசவே, வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து மேலிருந்து கீழே எண்ணெய் வடிகிற துவாரத்தில் அடைத்தார். விரலை எடுத்ததும் துணி வழுக்கி உள்ளே போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் துவாரம்.

கையைக்கூடத் துடைக்காமல் அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"டீச்சர், சீல் வச்ச எஞ்சின்ல வச்ச துணியையெல்லாம் எடுத்தேனான்னு கேட்டா, எடுத்தேன்னுதான் சொல்லுவேன். ஆனா எனக்கு எப்படித் தெரியும்? வெளிய தெரிஞ்சதைத்தானே எடுத்திருப்பேன்."

முன்பெல்லாம் அடுத்த ரேஸ் முடிந்ததும் பிரிப்போம். எது உள்ளே விழுந்திருந்தாலும் அப்போது கையில் வரும். இப்போது பிரிக்க வழியில்லை. மேலே எங்கோ சிக்கிக் கிடந்த துணி, பருவம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி எண்ணெய்த் தொட்டிக்கு வந்துவிட்டது.

அன்றே விண்ணப்பம் எழுதினேன். காரணம்: எஞ்சினுக்குள் துணி இருக்கக்கூடும் என்ற ஐயம். எழுதுவதற்குக் கை கூசியது. ஆனால் காரணம் பொய்யாக இருந்தால் அந்த அரைப் பக்கத் தண்டனை காத்திருக்கிறது. அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"பரிசீலனையில இருக்கு மேடம்" என்றார் குழுவின் செயலாளர்.

"ஏழு வேலை நாள் என்று இருக்கிறதே சார்."

"ஆமா மேடம். குழு கூடின நாளிலிருந்து ஏழு."

"குழு எப்போது கூடும்?"

"அது குழு முடிவு பண்ணும் மேடம்."

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. பழைய கஸ்டம்ஸ் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்ட நிம்மதிதான் வந்தது. வாரம்தோறும் திங்கட்கிழமை ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். பதில் வராமலேயே கடைசி ரேஸ் வந்துவிட்டது.

சென்னைக்குப் பக்கத்திலிருக்கும் டிராக்கில், ரேஸுக்கு முந்தின நாள் காலை, காரை நிறுத்தும் எங்கள் பிட்டில் செல்வமும் ரெனிட்டாவும் நானும் நின்றோம். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சும்மா ஓட்டிருவோமா?" என்றார் செல்வம். "இவ்வளவு நாள் தாங்கிட்டு. இன்னும் ஒரு ரேஸுதானே. வளைவுல கொஞ்சம் மெதுவா போனா..."

ரெனிட்டா கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள். "செல்வண்ணே, நீங்க ஓட்டுவியளா இத?"

அவர் காரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மாட்டேன்" என்றார்.

செல்வத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்த ஒரு சொல்லைத்தான். அந்தச் சொல்லால் குடோன் போகும் என்று அவருக்குத் தெரியும். சேவியர் போனதும் எல்லாம் போயிற்று என்று ஊர் பேசும் என்பதும் தெரியும்.

இப்போது என் முறை. விதிப் புத்தகத்தின் இணைப்புகளை யாரும் படிப்பதில்லை. நான் இணைப்புகளிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். கஸ்டம்ஸில் சரக்கு எப்போதும் இணைப்பில்தான் ஒளிந்திருக்கும். அங்கே ஒரு வழி இருந்தது. விண்ணப்பத்துக்குப் பதில் வராத நிலையில், டிராக்கின் தலைமைப் பரிசோதகர் தன் பொறுப்பில் சீலைத் திறக்கலாம். அதற்கு நான்கு நிபந்தனைகள். கார் வரிசையின் கடைசியிலிருந்து புறப்பட வேண்டும். விண்ணப்பத்தில் சொன்ன காரணம் எஞ்சினுக்குள் காணப்படாவிட்டால் அந்த ரேஸிலிருந்து அணி நீக்கப்படும். தொழில்நுட்பக் குழு எழுத்து மூலம் பதில் தரும் வரை ரேஸின் முடிவு தற்காலிகமானது.

"நாலாவது?" என்றார் அண்ணாச்சி. நான் நிறுத்தியதை அவர் கவனித்துவிட்டார்.

"போட்டி அணி ஒன்றின் சீஃப் மெக்கானிக் சாட்சியாக நிற்க வேண்டும். நேற்றே வந்து சேர்ந்த அணி ஒன்றுதான் இருக்கிறது."

செல்வம் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அவரு முன்னாலயா தொறக்கணும்?"

"அவர் முன்னால்தான்."

செல்வம் கீழே குனிந்து ஸ்பேனரை எடுத்தார். "கூப்பிடுங்க டீச்சர்."

சேவியர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். புதிய அணியின் சட்டை. அதில் அவர் பெயர் தைத்திருந்தது. அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு, எனக்கு ஒன்று. பரிசோதகர் சீல் கம்பியை வெட்டினார். செல்வம் காருக்கு அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார். தொட்டி இறங்கியது. உள்ளே கறுப்பு எண்ணெய். செல்வம் அதை மெதுவாக வேறொரு பாத்திரத்துக்கு வடித்தார். தொட்டியின் அடி தெரிந்தது.

ஒன்றும் இல்லை.

பரிசோதகர் பேனாவை எடுத்தார். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ரெனிட்டா என் கையைப் பிடித்தாள். இன்னும் கையுறையைக் கழற்றவில்லை.

"இருங்க சார்" என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல். செல்வம் கையை எஞ்சினுக்குள் விட்டு, எண்ணெய் இழுக்கும் குழாயின் வாயைத் தடவினார். வெளியே வந்த விரல்களுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று, நனைந்த அப்பளம் போலத் தொங்கியது. விரித்தார். உள்ளங்கை அளவு. நான்கு மூலையும் சதுரமாக.

சேவியர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"ஏலே செல்வம், தொண்டையில இத வச்சுக்கிட்டா இந்த வருசம் பூரா என்னய அடிச்சிய?"

செல்வத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பரிசோதகர் எழுதிக்கொண்டிருந்த இடைவெளியில், பருவம் முழுக்கக் கேட்க நினைத்ததை நான் சேவியரிடம் கேட்டேன்.

"இதற்காகத்தானே சேலைத் துணிக்கு வால் விட்டீர்கள்? உள்ளே மறந்துவிடாமல் இருக்க?"

"வாலா? எந்த வாலு?"

"வெளியே தொங்குமே, அது."

அவர் நெற்றியைச் சுருக்கினார். உண்மையாகவே யோசித்தார், நடிப்பு இல்லை.

"அது ஒண்ணுமில்ல டீச்சர். சேலையைக் கிழிச்சா நீளமா வரும். குட்டியா வெட்டணும்னா கத்திரி வேணும். நம்ம குடோன்ல கத்திரி என்னைக்கு வச்ச எடத்துல இருந்திருக்கு? தேட மடியா இருக்கும். அப்படியே திணிச்சிருவேன்."

"அப்ப நீங்க தெரிஞ்சு செய்யலியா அண்ணே?" என்றார் செல்வம்.

"இப்பத் தெரிஞ்சு போச்சுல்லா" என்ற சேவியரின் முகம் திடீரென்று மாறியது. கண்ணாடியை மறுபடி மாட்டினார். "கோயம்புத்தூர்ல கத்திரிய ஆணியில மாட்டி வச்சிருக்கானுவ டீச்சர். எல்லாம் குட்டிக் குட்டித் துணிதான்." சொல்லிவிட்டு, கிட்டத்தட்ட ஓடினார். பாதி தூரம் போனவரைப் பரிசோதகர் கைதட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை.

கையெழுத்துப் போட வந்தபோது அவருடைய புதிய மேலாளரும் கூட வந்தார். துணியை எடுத்ததோடு வேறு ஏதோ வேலையும் செய்தார்கள் என்று எழுதச் சொல்லி அவர் காதில் ஓதியது எங்களுக்கே கேட்டது.

"பொய் எழுதினா டீச்சர் பதில் எழுதுவாவ சார்" என்றார் சேவியர், உரக்கவே. "அதப் படிச்சு முடிக்க நமக்கு ஆயுசு பத்தாது." துணியை எடுத்தார்கள், மூடினார்கள், வேறொன்றும் தொடவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் ரெனிட்டா கடைசியிலிருந்து புறப்பட்டு மூன்றாவதாக வந்தாள். கோயம்புத்தூர் அணி ரேஸை ஜெயித்தது. மொத்தப் புள்ளிகளில் நாங்கள் மயிரிழையில் முன்னால். அறிவிப்புப் பலகையில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தற்காலிகம்' என்று எழுதினார்கள். குழு அனுமதித்தால் பட்டம் எங்களுக்கு. மறுத்தால் அந்த ரேஸின் புள்ளிகள் போய், பட்டம் கோயம்புத்தூருக்கு.

ஊர் திரும்பிய மறுநாளே மகன் வந்துவிட்டான். "அப்பா, கப்பு வந்திட்டா இல்லியா?"

அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டினார்.

"வந்தது என்றும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது தம்பி. குழு பதில் எழுதினால்தான் தெரியும்."

"எப்ப எழுதுவாவ?"

"ஏழு வேலை நாட்களுக்குள்."

"பதில் வரட்டும்லே" என்றார் அண்ணாச்சி. "வந்ததும் பேசுவோம்."

அந்தத் திங்கட்கிழமை வழக்கம்போல நினைவூட்டலை டைப் செய்து முடித்தேன். அனுப்பப் போகும்போதுதான் ஒன்று தோன்றியது. பதில் வராத வரை நாங்கள் தோற்கவில்லை. தோற்காத வரை குடோன் எங்களுடையது. எனக்குத் தெரிந்த எல்லா நடைமுறைகளிலும் மிக வலிமையானது பதில் எழுதாத அலுவலகம். அதுவரை அது எங்களுக்கு எதிராக இருந்தது. அதை அவசரப்படுத்த நான் யார்? கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன்.

அண்ணாச்சி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், இன்னைக்குத் திங்கக்கெழமைல்லா?"

"ஆமாம் அண்ணாச்சி."

"லெட்டர் போடலியா?"

"நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை அண்ணாச்சி."

அவர் உள்ளே வந்து, தன் பக்கம் திரும்பியிருந்த மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

மாதங்கள் போயின. மகன் வாரம் ஒருமுறை வந்து கேட்டான். நான் வாரம் ஒருமுறை வருத்தம் தெரிவித்தேன். குடோனில் அடுத்த ஆண்டுக்கான கார் எழுந்துகொண்டிருந்தது. செல்வம் சேலை மூட்டையைத் திரும்ப வாங்கிவந்தார். ஆனால் சேவியர் மாதிரி கலர் கலராக இல்லை, எல்லாம் சிவப்பு. எஞ்சினின் நிறத்தில் தனியாகத் தெரியும். மூடுவதற்கு முன் ஒருவர் வாலைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் கூட நின்று பார்க்க வேண்டும். காரணம் தெரிந்த பிறகு அந்தப் பழக்கம் சேவியரிடம் இருந்ததைவிட நல்லதாகிவிட்டது. அண்ணாச்சி என்னிடம் முன்பு கேட்ட கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது அங்கேதான். போகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டுபோவார்கள் என்று பயப்படுகிறோம். தெரிந்தது பெரும்பாலும் கூட வேலை பார்த்தவர்கள் கையிலும் இருக்கும். அவர்களுக்கே தெரியாமல் அவர்கள் சரியாகச் செய்துகொண்டிருந்ததுதான் காணாமல் போகிறது. அது போன இடத்துக்கும் போய்ச் சேர்வதில்லை. சேவியரின் வால், தூத்துக்குடிக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் எங்கோ விழுந்து கிடந்தது. ஆகவே நீங்கள் சேரும் இடத்தில் ஒருவர் விடைபெறும்போது, அவருடைய கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அதை அவரே சொல்வார். அவருடைய சோம்பேறித்தனங்களைக் கேளுங்கள். அவர் எதைத் தேட மடியாக இருந்தார், எதை வெட்டாமல் விட்டார் என்று கேளுங்கள்.

பதில் கடைசியில் தபாலில் வந்தது. நான் பிரிக்கும்போது நால்வரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள்: அண்ணாச்சி, அவர் மகன், செல்வம், ரெனிட்டா. இரண்டு தாள்கள்.

முதல் தாளில் ஒரே வாக்கியம். எங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, எஞ்சின் சீலைத் திறக்க அனுமதி வழங்கப்படுகிறது. ரேஸைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. தேவையுமில்லை. ரேஸுக்கு முன் அனுப்பிய விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டால் தற்காலிகம் என்ற சொல் தானாகவே உதிர்ந்துவிடும். இதை மகனுக்கு இரண்டு முறை விளக்கினேன்.

"அப்ப தொறக்கலாம்ங்காவளா?" என்றாள் ரெனிட்டா. "செல்வண்ணே, ஸ்பேனர எடுங்க."

அண்ணாச்சி மகனின் தோளில் கை வைத்தார். "ஹார்பர் ரோட்டுல வேற எடமா இல்ல? நானே பாத்துத் தாரேன், வா."

இரண்டாவது தாள், வரும் ஆண்டின் விதித் திருத்தம். செல்வம் அதை என் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எஞ்சினின் துவாரங்களை அடைக்கப் பயன்படுத்தும் துணி, ஒரு முனை வெளியே தெளிவாகத் தெரியும் நீளத்தில் இருக்க வேண்டும். இது எல்லா அணிகளுக்கும் பொருந்தும்.

"நம்ம வாலு டீச்சர்" என்றார். "ஊருக்கே குடுத்துட்டாவ. இனிமே நம்மகிட்ட என்னத்த இருக்கு?"

"தெரியவில்லை" என்றேன். "தெரியாமல் செய்துகொண்டிருப்பது இன்னும் ஏதாவது இருக்கும். போய்ப் பாருங்கள்."

அவர் எழுந்து குடோனுக்குள் போய், புதிய காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதல் முறையாகப் பார்ப்பவர் போல. நான் உறையை எடுத்து, வழக்கம்போல, அதன் மூலையில் பெறப்பட்ட தேதியை எழுதினேன். குழுவின் கணக்கில் ஏழு வேலை நாட்களுக்குள்தான்: எங்கள் ஊர் மாதா கோவில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு மறுநாள், ஜூலை இருபத்தேழு.